பக்கவாத்தியக்காரரின் ஊர்

பெங்களூரில் ஆட்டோவில் ஏறி "சௌடையா ஹால்" என்று சொன்னால் போதும். எந்த டிரைவரும் அடையாளம் கேட்பதில்லை. தகராறு வந்தால் வாடகையில்தான் வரும். மல்லேஸ்வரத்தை ஒட்டிய வயாலிகாவல் பகுதியில் ஆட்டோ திரும்பியதும் அந்தக் கட்டடம் கண்ணில் படும். முதல் தடவை பார்ப்பவர்கள் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள். ஆயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அந்த அரங்கமே ஒரு வயலின். வயிறு, கழுத்து, தந்திகள், பிருடைகள், குதிரை, வில் எல்லாம் உண்டு. 1980-ல் திறந்தார்கள். மைசூர் டி. சௌடையா என்ற வயலின் வித்வானின் நினைவாகக் கட்டியது.

அரசர்களுக்கு மண்டபம் உண்டு, தலைவர்களுக்கு உண்டு, பெரிய பாடகர்களுக்கும் உண்டு. பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவருக்கு, அவர் தோளில் வைத்திருந்த வாத்தியத்தின் உருவிலேயே ஒரு மண்டபம் எழுப்பிய ஊர் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. இதை முதலில் எனக்குச் சொன்னவர் இந்தக் கட்டுரையின் நாயகர். பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. ஆபீஸ் பிரிவுபசாரக் கூட்டங்களிலேயே கடைசி வரிசையில் உட்காருகிறவர். எனக்கு அவர் கடைசிவரை 'சார்'. அவருக்கு நான் 'கும்பகோணம்'.

போன டிசம்பரில் பல வருஷங்களுக்குப் பிறகு பெங்களூர் போனேன். சம்பிகே ரோடு மெட்ரோவில் இறங்கி நடந்தேன். சம்பிகே என்றால் நம் செண்பகம். அதற்கு இணையாகப் போகும் மார்கோசா ரோடு, வேப்பமரச் சாலை. 1898-ல் பிளேக் நோய் நகரை உலுக்கிய காலத்தை ஒட்டி, காற்றோட்டமாக வாழ வேண்டும் என்று உருவாக்கிய பேட்டை மல்லேஸ்வரம். பெயர் கொடுத்த காடு மல்லேஸ்வரர் கோயில் இன்றும் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அங்குள்ள 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சிவாஜியின் தம்பி வெங்கோஜி கோயிலுக்கு ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. அதே வெங்கோஜிதான் சில ஆண்டுகள் கழித்துத் தஞ்சாவூருக்கு வந்து மராட்டிய அரசை நிறுவினார். "பார்த்தீர்களா, இங்கே சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உங்கள் ஊருக்கு ராஜாவாகப் போனார்" என்று சார் பெருமையாகச் சொல்வார். கல்வெட்டுகளை எல்லாம் அவர் சொந்தச் சொத்துக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

1984-ல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்து பெங்களூர் வந்தேன். வயது 27. கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. முதல் நாள் தயங்கி நின்ற என்னைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர் எழுந்து, சிரித்த முகத்துடன், "பன்னி, கூத்கொளி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்ததும் வராததுமாக ஒரு மனிதர் என்னைப் பன்னி என்கிறார், கூடவே ஏதோ குத்து, கொலை என்கிறார்! "வாருங்கள், உட்காருங்கள்" என்று அர்த்தம் என்பது ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தமிழர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த அனுபவம் பெங்களூர் போன எல்லாத் தமிழர்களுக்கும் உண்டு. ஆனால் சாரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு நான் லீவு முடிந்து வரும்போதெல்லாம் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாக, "பன்னி" என்பார்.

அவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர். மைசூருக்குப் பக்கத்தில் திருமகூடலு நரசீபுரம் தாலுகாவில் ஒரு விவசாயக் குடும்பம். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, தம்பி லெட்ஜரைப் பார்க்க வந்துவிட்டார். என் கூட்டல் தப்பாக இருந்தால் அதிகாரி கண்ணில் படுவதற்கு முன் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து என் மேஜைக்குத் தள்ளிவிடுவார். வாயைத் திறந்து சொல்லமாட்டார். அந்தப் புள்ளிகள் இல்லையென்றால் என் முதல் வருடச் சம்பளத்தில் பாதி மெமோவுக்குப் பதில் எழுதுவதிலேயே போயிருக்கும்.

பதினொரு மணிக்குக் காப்பி. பெங்களூர் ஓட்டல்களில் 'பை-டூ' என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு காப்பியை இரண்டு தம்ளர்களில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். காசு மிச்சம் பிடிக்க வந்த பழக்கம் என்று நினைத்தேன். "இல்லை, பேச்சை நீட்டுவதற்கு" என்றார் சார். பாதி காப்பிக்கு ஒருவர் கூடவே வர வேண்டும் அல்லவா? பதின்மூன்று வருஷம் நாங்கள் முழுக் காப்பி குடித்ததில்லை.

சேர்ந்த வருஷமே ஒரு சனிக்கிழமை மாலை என்னை சௌடையா ஹாலுக்கு அழைத்துப் போனார். கச்சேரி தொடங்க நேரம் இருந்தது. வாசலில் நிறுத்தி, "எத்தனை தந்தி?" என்று கேட்டார். வயலினுக்கு நான்கு என்பது எனக்குத் தெரியும். எண்ணிப் பார்க்கச் சொன்னார். ஏழு.

சௌடையா பிறந்தது 1895 ஜனவரி 1-ல், சாரின் தாலுகாவில், திருமகூடலு கிராமத்தில். மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் கடுமையான குருகுலவாசம். வயலின் நமக்கு வெளியிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அதைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கி எடுத்தவர்கள். அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை என்றாகிவிட்டது. சௌடையா மேடைக்கு வந்த 1920-களில் மைக் கிடையாது. பாடகர்களுக்கோ கண்டாமணிக் குரல். கொட்டகையில் கடைசி வரிசைவரை பாட்டு கேட்கும். வயலின் நாலாவது வரிசையிலேயே தேய்ந்துவிடும். சௌடையா தன் வாத்தியத்தில் கை வைத்தார். நான்கு தந்திகளில் மூன்றுக்கு ஒவ்வொரு இணைத் தந்தி சேர்த்து ஏழாக்கினார். வில் பட்டால் இரண்டு தந்தி சேர்ந்து ஒலிக்கும். நாதம் பெருத்தது. வாசிக்கிறவருக்குத்தான் கஷ்டம்: ஒரே விரலால் இரண்டு தந்தியை அழுத்த வேண்டும், இரண்டையும் இம்மி பிசகாமல் சுருதி கூட்ட வேண்டும். வயலினின் லட்சணம் கெட்டுப்போகிறது என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. அவர் விடவில்லை.

"தான் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று செய்தாரா?" என்று கேட்டேன். சார் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் குரல் அடங்கிவிட்டால் பாடுகிறவர் தனியாகி விடுகிறார். அது கச்சேரிக்கு நல்லதில்லை."

அவர் மனதில் இருந்தது செம்பை. பாலக்காட்டுப் பக்கம் செம்பை கிராமத்து வைத்தியநாத பாகவதர். வெங்கலக் குரல். செம்பை பாட்டு, சௌடையா வயலின், பாலக்காடு மணி ஐயர் மிருதங்கம் என்றால் அந்தக் காலத்தில் ஊரே திரளும். மூவரும் ரயிலேறி ஊர் ஊராகப் போனார்கள். மேடைத் தொடர்பு நட்பாகிவிட்டது. 1943-ல் வந்த 'வாணி' என்ற கன்னடப் படத்திலும் மூவரையும் திரையில் சேர்ந்து பார்க்கலாம். செம்பை தன்னோடு வாசிப்பவர்களை மேடையிலேயே மனம் திறந்து பாராட்டுகிறவர். இளம் வயது மணி ஐயருக்குக் கச்சேரி மேடையைத் திறந்துவிட்டவர். பின்னாளில் யேசுதாஸைச் சீடராக ஏற்றவர். யார் எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மதம் என்று அவர் பார்த்ததில்லை. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த கன்னடக்காரர் சௌடையாவும், பாலக்காட்டுத் தமிழரான செம்பையும், தெலுங்குக் கீர்த்தனையில் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது செம்பைக்கு 1951-ல், சௌடையாவுக்கு 1957-ல், மணி ஐயருக்கு 1966-ல் வந்தது. சௌடையா 1967 ஜனவரி 19-ல் மறைந்தார். செம்பை 1974 அக்டோபர்வரை பாடிக்கொண்டே இருந்தார்.

அன்று தொடங்கி, எங்கள் வாரங்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. கச்சேரி இல்லாத சனிக்கிழமை மல்லேஸ்வரம் மார்க்கெட். ஏப்ரல் வந்தால் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானம். 1939 முதல் ஸ்ரீராம சேவா மண்டலி அங்கே ராமநவமிக் கச்சேரிகளை நடத்துகிறது. சென்னை வித்வான்கள் ஒவ்வொருவராக வருவார்கள். பந்தலுக்குள் டிக்கெட், வெளியே சாலையோரத்தில் நின்றால் இலவசம். சார் எப்போதும் வெளியே நிற்பார். "இங்கிருந்து கேட்டால்தான் வயலின் சரியாக இருக்கிறதா என்று தெரியும்" என்பது சாக்கு.

இப்படி ஏழு வருஷம். பிறகு காவிரி வந்தது.

1991 ஜூன் 25-ல் காவிரி நடுவர் மன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. அதை மறுத்து கர்நாடகம் போட்ட அவசரச் சட்டம் செல்லாது என்று நவம்பர் 22-ல் உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. ஆபீஸில் கன்னடக்காரர்கள் ஒரு பக்கமும் நாங்கள் நாலைந்து தமிழர்கள் ஒரு பக்கமும் காப்பி குடித்தோம். சாரும் நானும் அதுவரை இதைப் பேசாமல் தப்பித்திருந்தோம். ஒரு நாள் மாட்டிக்கொண்டோம்.

குறுவை காய்ந்து என் மாமா நிலத்தை விற்ற கதையை நான் சொன்னேன். அண்ணன் வீட்டு வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போதே அதைத் தொடக்கூடாது என்று சட்டம் சொல்வதை அவர் சொன்னார். 1924 ஒப்பந்தம் வெள்ளைக்காரர்கள் மைசூர் ராஜாவின் கையைப் பிடித்து வாங்கிய கையெழுத்து என்றார். கல்லணை கட்டி இரண்டாயிரம் வருஷமாகப் பாசனம் செய்கிறவர்களுக்கு உரிமை இல்லையா என்றேன். குரல் உயர்ந்தது. "இரண்டாயிரம் வருஷம் குடித்தவர்களுக்கு இன்னும் தாகம் தீரவில்லையா?" என்று கேட்டுவிட்டார். நானும் திருப்பி ஏதோ சொன்னேன். அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. மறுநாள் பதினொரு மணிக்கு அவரும் எழுந்திருக்கவில்லை, நானும் எழுந்திருக்கவில்லை. இரண்டு வாரம் பேச்சில்லை. ஆனால் என் கூட்டல் தப்பும்போது பென்சில் புள்ளி மட்டும் வந்துகொண்டிருந்தது.

டிசம்பர் இரண்டாவது வாரத்தில் உத்தரவு மத்திய அரசிதழில் வெளியானது. நகரம் பற்றிக்கொண்டது. தமிழ்நாட்டு எண் பலகை உள்ள வண்டிகள் எரிந்தன. தமிழர் கடைகளும் குடிசைகளும் தாக்கப்பட்டன. உயிர்கள் போயின. நாங்கள் அப்போது ஸ்ரீராமபுரத்தில் குடியிருந்தோம். தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. சாயங்காலம் தெருக்கோடியில் புகை. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். கதவு தட்டும் சத்தம். திறக்கவில்லை. அப்போது வெளியிலிருந்து தாழ்ந்த குரலில், "பன்னி" என்று கேட்டது.

கதவைத் திறந்தேன். சார் நின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரம் பேசாததைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. "ஒரு செட் துணி மட்டும் எடுங்கள். வழியில் யாரும் தமிழ் பேச வேண்டாம்" என்றார். பழைய பஜாஜ் ஸ்கூட்டர். அவர், நான், என் மனைவி, முன்னால் நின்றுகொண்டு மூன்று வயது மகள். பாதி வழியில் ஒரு கும்பல் வண்டியை நிறுத்தியது. சார் அமைதியாகக் கன்னடத்தில் பதில் சொன்னார்: தம்பி குடும்பம், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அந்த நேரம் பார்த்து என் மகள் திரும்பிப் பார்த்து, "அப்பா!" என்று கூப்பிட்டாள். எனக்கு ரத்தம் உறைந்தது. பிறகுதான் மூச்சு வந்தது. கன்னடத்திலும் அப்பா, அப்பாதான்.

மல்லேஸ்வரத்தில் அவர் வீட்டில் மூன்று நாள் இருந்தோம். அவருடைய அம்மா என் மகளுக்கு ராகி முத்தையை உருட்டி விழுங்கக் கற்றுக்கொடுத்தார். நம் ஊர்க் களிதான். என் மனைவி ரசம் வைத்தாள். ஊரடங்கு இரவில் செய்வதற்கு ஒன்றுமில்லை. சார் டேப் ரிகார்டரை எடுத்து, சத்தத்தைக் குறைத்து வைத்து, ஒரு காசெட்டைப் போட்டார். செம்பை பாடுகிறார், சௌடையா வாசிக்கிறார். பலமுறை பிரதி எடுத்த பதிவு. மழை பெய்வது போல ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே, செம்பை ஒரு ஸ்வரக் கோவையை வீசுவார். சௌடையா அதைப் பிடித்து, கொஞ்சம் மாற்றி, தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார். பாடகர் போன வழியிலேயே போக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது. ஆனால் எடுப்பு வரும் இடத்தில் இருவரும் சேர்ந்து வந்து நிற்பார்கள். மழைச் சத்தத்துக்கு நடுவே செம்பையின் "சபாஷ்" கேட்கும்.

அந்த இரவு சார் சொன்னார்: "தண்ணீர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். உங்கள் தாகத்தைப் பற்றிப் பேசியது தப்பு." நானும் என் தப்பைச் சொன்னேன். உரிமை விஷயத்தில் மாறவில்லை. பிறகு இருபத்தெட்டு வருஷம் அதில் நாங்கள் ஒத்துப்போகவே இல்லை. ஒத்துப்போக வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை.

1994-ல் அவர் ஊருக்கு அழைத்துப் போனார். மைசூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். திருமகூடலு என்றால் மூன்று கூடும் இடம். வயநாட்டிலிருந்து வரும் கபினி இங்கே காவிரியில் சேர்கிறது. மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஸ்படிக சரோவரம் என்பது நம்பிக்கை. 1989 முதல் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இங்கே கும்பமேளா நடக்கிறது. அகஸ்தியேஸ்வரர் கோயில் படித்துறையில் உட்கார்ந்தோம். எங்கள் கும்பகோணத்து அகஸ்தியர் கமண்டலத்திலிருந்து காக்கை தட்டிவிட்ட ஆறு, இங்கே அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சௌடையா எழுதிய கீர்த்தனைகளில் தன் முத்திரையாக வைத்துக்கொண்டது இந்தத் திரிமகுடத்தைத்தான். சாரின் அண்ணன் வயலுக்கு அழைத்துப் போய், வாய்க்காலைக் காட்டினார். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் மாமாவின் வாய்க்காலும் பார்ப்பதற்கு இதேபோல்தான் இருக்கும்.

1997-ல் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. ரயிலடியில் சார் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தார். அந்தக் காசெட்டின் பிரதி. பிறகு எல்லாம் போனில்தான். எந்த நேரத்தில் பேசினாலும் முதல் கேள்வி, "ஏன்ரீ கும்பகோணம், ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆயிற்றா என்பது. 2009 ஆகஸ்ட் 9-ல் காலையிலேயே போன். அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் பதினெட்டு வருஷம் துணி சுற்றி மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை அன்று திறந்தார்கள். "உங்கள் தாத்தா வெளியே வந்துவிட்டார். தாடி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். 2016 செப்டம்பரில் மறுபடி பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. அன்று இரவு அவர் கூப்பிட்டார். டி.வி.யில் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஊட்டா ஆய்த்தா என்றார். ஆயிற்று என்றேன். வெகுநேரம் போனை வைக்காமல் இருந்தோம்.

2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றத்தின் இறுதித் தீர்ப்பு வந்தது. தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதல். நூறு கிலோமீட்டர் தள்ளி ஓடும் காவிரியை மேட்டுக்கு ஏற்றித்தான் 1974 முதல் அந்த நகரம் குடித்து வருகிறது. நான் கொஞ்சம் கோபமாகத்தான் போன் செய்தேன். "குறைத்துவிட்டார்கள், சார்." அவர் ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, "பெங்களூருக்குக் கொடுத்ததில் உங்கள் பங்கு ஒரு தம்ளர் என் வீட்டுக் குழாயில் வருகிறது. வாருங்கள், காப்பி போடுகிறேன்" என்றார்.

போகிறேன், போகிறேன் என்று இரண்டு வருஷம் தள்ளிப் போட்டேன். 2020 ஜூலையில் அவர் போய்விட்டார். ரயில் இல்லை, பஸ் இல்லை, மாநில எல்லையைக் கடக்க அனுமதிச் சீட்டு வேண்டும். அவருடைய மகன் போனில் சொன்னபோது, அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. ஊரே எரிந்தபோது ஸ்கூட்டரில் வந்து எங்களை அழைத்துப் போனவருக்குக் கடைசியாக ஒரு தடவை என்னால் வர முடியவில்லை. ஊரடங்கு முடிந்த பிறகும் நான் உடனே போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு ஊரடங்கைக் காரணம் காட்ட முடியாது. அந்தப் பக்கத்து நாற்காலி இல்லாத பெங்களூரைப் பார்க்க பயமாக இருந்தது.

போன டிசம்பரில்தான் தைரியம் வந்தது. பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். இரண்டாவது மாடியில் அவருடைய மனைவி இருக்கிறார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த வார்த்தையும் இரண்டு மொழிக்கும் பொது. கதவைத் திறந்தவர், தாமதமாக வந்ததற்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான் கேட்டார். அலமாரியில் அந்தக் காசெட் இருந்தது. டேப் பூசணம் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. என் செல்போனில் செம்பை, சௌடையா என்று தேடினால் இப்போது இருவரும் சேர்ந்த பதிவுகள் வந்துவிடுகின்றன. ஒன்றைப் போட்டேன். அக்கா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சோபாவின் வலது பக்கக் கைப்பிடியைக் காட்டினார். உறை அங்கே மட்டும் நைந்திருந்தது. தாளம் போட்டுப் போட்டுத் தேய்ந்த இடம்.

சாயங்காலம் சௌடையா ஹாலுக்கு நடந்தேன். கச்சேரி இருக்கும் என்ற நினைப்பு. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழா. வாசலில் முயல், சிங்கம், மேகம் என்று வேஷம் கட்டிய குழந்தைகள் வரிசையில் நின்றார்கள். ஒலிபெருக்கி சுவரை அதிர வைத்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் வரை கேட்டிருக்கும். கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று மூன்று தந்தி கூடுதலாகப் பூட்டி விரல் நோக வாசித்தவரின் ஹாலில் இப்படி ஓர் இரைச்சல். மைக் வந்த பிறகு ஏழு தந்தி வயலினுக்குத் தேவை குறைந்தது. அவர் வழியில் ஆர்.ஆர். கேசவமூர்த்தி போன்ற சிலர் தொடர்ந்து வாசித்தார்கள். பிறகு எல்லோரும் நான்குக்கே திரும்பிவிட்டார்கள். இப்போது ஏழு தந்தியோடு நிலையாக நிற்பது இந்தக் கட்டடம்தான். எண்ணிப் பார்த்தேன். சார் கூட இருந்திருந்தால், மேகம் வேஷம் போட்ட குழந்தைகளைக் காட்டி, "இவர்கள் ஒழுங்காகப் பெய்தால் உங்களுக்கும் எங்களுக்கும் சண்டையே இல்லை" என்றிருப்பார்.

திரும்பி வரும் வழியில், எட்டாவது கிராஸில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஓட்டல் இன்னும் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, காப்பி சொன்னேன். சர்வர் சின்னப் பையன். முழுத் தம்ளரைக் கொண்டுவந்து வைத்தான். எனக்கு அது அதிகமாக இருந்தது.